இரண்டு வரி ஜாதகம்

சீனா ஒரு செயற்கைக்கோளை ஏவினால், மறுநாள் வரும் செய்தி பெரும்பாலும் நான்கு வரியில் முடிந்துவிடும். எந்த ஏவுதளம், எந்த ராக்கெட், செயற்கைக்கோளின் பெயர், ஏவுதல் வெற்றி. அதோடு சரி. மேலே போனது எங்கே போய்ச் சேர்ந்தது, அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை அந்தச் செய்தி சொல்லாது. ஆனால் அதைத் தெரிந்துகொள்ள நாம் யாருடைய வாயையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வெறும் இரண்டு வரிகளில் அது இணையத்திலேயே இருக்கிறது.

பூமியைச் சுற்றும் பொருள்களை அமெரிக்க விண்வெளிப் படை ரேடார்களாலும் தொலைநோக்கிகளாலும் கண்காணித்துப் பட்டியலிடுகிறது. புதிதாக ஏதேனும் மேலே போனால், அது முதலில் ‘பொருள் ஏ’, ‘பொருள் பி’ என்பதுபோல் தற்காலிகப் பெயரோடு பட்டியலில் சேரும். ஒன்று செயற்கைக்கோளாக இருக்கும். இன்னொன்று அதைச் சுமந்து சென்ற ராக்கெட்டின் கடைசி அடுக்காக இருக்கும். ஒவ்வொன்றின் பாதையையும் 69 எழுத்துகள் கொண்ட இரண்டு வரிகளில் எழுதிவிடுகிறார்கள். டி.எஸ். கெல்சோ என்பவர் 1985இல் தொடங்கிய ‘செலஸ்டிராக்’ சேவையில் இந்த வரிகளை எவரும் இலவசமாகப் பார்க்கலாம்.

பார்த்தவுடன் தலை சுற்றும். ஜாதகக் கட்டமும் அப்படித்தானே? படிக்கத் தெரிந்தவருக்கு நான்கு விவரங்கள் போதும். எந்த நேரத்துக் கணிப்பு இது? பூமத்திய ரேகைக்கு எத்தனை பாகை சாய்ந்து சுற்றுகிறது? பாதை வட்டமா, நீள்வட்டமா? ஒரு நாளைக்கு எத்தனை முறை சுற்றுகிறது?

கடைசி எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது 14க்கு மேல் இருந்தால், அந்தச் செயற்கைக்கோள் தாழ்வாக, சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் விரைந்துகொண்டிருக்கிறது. ஏறத்தாழ 1.0027 என்றால், அது சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி தன்னைத்தானே சுற்றும் அதே வேகத்தில் சுற்றுகிறது. பூமி ஒரு முறை சுழல 24 மணி நேரத்துக்கு நான்கு நிமிடம் குறைவாகவே ஆகும். ஒன்றை ஒட்டி அந்தச் சிறு பின்னம் வருவது அதனால்தான். பூமத்திய ரேகைக்கு மேலே இப்படிச் சுற்றும் செயற்கைக்கோள், கீழேயிருந்து பார்ப்பவருக்கு அசையாமல் நிற்பதுபோல் இருக்கும். மலேசிய வீடுகளின் கூரையில் அஸ்ட்ரோ தட்டை ஒருமுறை பொருத்தியபின் யாரும் திருப்புவதில்லை. 91.5 பாகை கிழக்கில் நிற்கும் மீசாட் இடம் மாறாமல் இருப்பதே காரணம்.

இப்போது சீனாவின் வானிலைச் செயற்கைக்கோள்களுக்கு வருவோம். அந்த வரிசைக்குப் பெயர் ஃபெங்யுன். ‘காற்றும் மேகமும்’ என்று பொருள். முதலாவது 1988 செப்டம்பரில் ஏவப்பட்டது. பெயரிலேயே ஒரு குறிப்பு உண்டு. ஃபெங்யுன் 1, 3 என ஒற்றைப்படை எண் வந்தால் அது துருவங்களின் மேலாகத் தாழ்வாகச் சுற்றும் குடும்பம். 2, 4 என இரட்டைப்படை வந்தால் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்கும் குடும்பம்.

ஒரு குடும்பத்திலேயே வேறுபட்ட பிள்ளையும் பிறப்பதுண்டு. ஃபெங்யுன் 3 வரிசையினர் சுமார் 836 கிலோமீட்டர் உயரத்தில், 98 பாகைக்கு மேல் சாய்ந்து சுற்றுபவர்கள். 2023 ஏப்ரலில் சென்ற 3ஜி மட்டும் 50 பாகைச் சாய்வில், சுமார் 407 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றத் தொடங்கியது. அது துருவத்துக்குப் போகவே போகாது. மழை மிகுந்த வெப்ப மண்டலத்தின் மேலும் அதை அடுத்த பகுதிகளின் மேலும் திரும்பத் திரும்பப் பறக்கும். மழையை அளக்கும் ரேடாரைச் சுமந்து செல்லும் செயற்கைக்கோளுக்கு வேண்டியதும் அதுதான். அதன் பணியை அதன் பாதையே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பணியை மட்டுமல்ல, பட்ட பாட்டையும் பாதை சொல்லும். 2017 ஜூன் 19ஆம் தேதி சிச்சாங் ஏவுதளத்திலிருந்து சோங்சிங் 9ஏ என்ற ஒளிபரப்புச் செயற்கைக்கோள் புறப்பட்டது. இத்தகையவற்றை ராக்கெட் முதலில் ஒரு நீள்வட்டப் பாதையில் விடும். அதன் மேல்முனை ஏறக்குறைய 36,000 கிலோமீட்டரைத் தொடும். ஆனால் பட்டியலில் வந்த எண்கள் வேறு கதை சொல்லின. கீழ்முனை 193 கிலோமீட்டர். மேல்முனை சுமார் 16,000 கிலோமீட்டர்தான். ஏற வேண்டிய உயரத்தில் பாதிகூட இல்லை. ராக்கெட்டின் மூன்றாம் அடுக்கில் கோளாறு என்று சீனாவும் அறிவித்தது.

அடுத்த 16 நாள்களில் அந்தச் செயற்கைக்கோள் தன் சொந்த எரிபொருளைக் கொண்டு பத்துமுறை பாதையைத் திருத்திக்கொண்டு மேலே ஏறியது. ஜூலை 5ஆம் தேதி 101.4 பாகை கிழக்கில் தனக்குரிய இடத்தை அடைந்தது. அது கோலாலம்பூரின் தீர்க்கரேகைக்கு மிக அருகில் இருக்கும் இடம். சாதனைதான். ஆனால் பல ஆண்டுகள் இடம் பெயராமல் நிற்பதற்கென வைத்திருந்த எரிபொருளின் பெரும்பகுதி ஏறுவதற்கே செலவாகிவிட்டது. ஓய்வுக்காலச் சேமநிதியை வேலைக்குப் போகும் வழியிலேயே கரைத்துவிட்டதுபோல, அதன் ஆயுள் குறைந்தது.

நம் வானத்துக்கு இன்னும் நெருக்கமானது ஃபெங்யுன் 4பி. 2021 ஜூனில் ஏவப்பட்ட அது, 2024 தொடக்கத்தில் 133 பாகை கிழக்கிலிருந்து 105 பாகைக்கு இடம் மாறியது. மேற்கே நகர வேண்டுமானால் கொஞ்சம் மேலே ஏற வேண்டும். ஏறினால் சுற்றும் வேகம் குறையும், பூமி முந்திக்கொள்ளும், செயற்கைக்கோள் மெல்ல மேற்கே பின்தங்கும். அந்த 1.0027 ஒரு துளி குறைவதைக் கண்டாலே, ‘வீடு மாறுகிறார்’ என்று கண்காணிப்போர் புரிந்துகொள்வார்கள்.

105 பாகைக்கு நேர் கீழே இருப்பது இந்தோனேசியாவின் லிங்கா தீவுகளை அடுத்த கடல். சிங்கப்பூரிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தொலைவு. ஏறத்தாழ நம் உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது என்றே சொல்லலாம். விடியலுக்கு முன் மலாக்கா நீரிணையைக் கடந்து நம்மை எழுப்பும் சுமத்ரா புயல்காற்றின் மேகங்களை, இருட்டிலும் அகச்சிவப்புக் கண்ணால் நேர் மேலிருந்து பார்க்கும் இடம் அது.

இதே குடும்பத்தில் ஒரு துயரக் கதையும் உண்டு. 1999இல் ஏவப்பட்ட ஃபெங்யுன் 1சி ஓய்வுபெற்ற பின், 2007 ஜனவரி 11ஆம் தேதி சீனாவே அதை ஏவுகணைச் சோதனையில் தகர்த்தது. கண்காணிக்கும் அளவுக்குப் பெரிய துண்டுகள் மட்டும் 3,000க்கு மேல். பல இன்னும் சுற்றுகின்றன. தகர்ந்த உயரம் சுமார் 860 கிலோமீட்டர். ஃபெங்யுன் 3 வரிசை சுற்றும் உயரத்துக்கு அக்கம்பக்கம். பாட்டனின் உடைந்த துண்டுகளுக்கு நடுவே பேரப்பிள்ளைகள் பார்த்துப் பார்த்து நடக்க வேண்டிய நிலை.

அந்தத் துண்டுகளுக்கும் ஆளுக்கு இரண்டு வரி உண்டு. மோதல் வருமா என்று முன்கூட்டியே கணக்கிட்டு விலக முடிவது அதனால்தான். இத்தனை பொருள்களின் பாதை எல்லார் கண்ணிலும் படும்படி இருப்பது, நம் வானிலை முன்னறிவிப்புக்கும் தொலைக்காட்சிக்கும் காவல்.

வரும் வாரயிறுதியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ‘செலஸ்டிராக்’ தளத்தில் ஃபெங்யுன் 4பியைத் தேடுங்கள். இரண்டாம் வரியின் கடைசியில் ஒன்றை ஒட்டிய அந்த எண் இருக்கும். பக்கத்தில் ஃபெங்யுன் 3 ஒன்றையும் எடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். எது நிற்கிறது, எது ஓடுகிறது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஜாதகம் ஆயுளுக்கும் ஒன்றுதான். இந்த வரிகளோ சில நாள்களில் பழசாகிவிடும். அடுத்த வாரம் பார்க்கும்போது புதிதாக எடுத்துக்கொள்ள வேண்டும்.