எந்த வெண்மணி அலமாரிக்குப் போகும்?

திருவாரூர்ப் பக்கம் ஒரு கல்லூரி. நூலகத்துக்காகக் கலைப்பிரிவு மாணவர்கள் கொடுத்த பட்டியலில் வெண்மணி பற்றி இரண்டு நாவல்கள். ‘குருதிப்புனல்’ தேறியது, 1977இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியதாயிற்றே. சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’ அடிபட்டது. “சாதிப் பிரச்சினை வரும்” என்றார்களாம்.

1968 டிசம்பர் 25 இரவு 44 தலித்துகளைக் குடிசைக்குள் வைத்து எரித்தது சாதி இல்லாமல் வேறென்ன? கூலியில் அவர்கள் கூடுதலாகக் கேட்டது அரைப்படி நெல். அதை மிராசுதாரின் ஆண்மைக் குறையோடு முடிச்சுப்போடும் நாவல் ஆபத்தில்லாததாம்! (அதையும் படிக்கட்டும், நான் தடை கேட்கவில்லை.) இந்த மண்ணின் எழுத்தாளருக்குத்தான் இடமில்லை.

பட்டியல் போட்டவர்களில் பலர் நடவு நடும் அம்மாக்களின் பிள்ளைகள். தாத்தா வாங்கிய சவுக்கடியும் சாணிப்பாலும் புத்தகத்தில் வந்தால் பிரச்சினை யாருக்கு?

தம்பி தங்கைகளே, அதே பட்டியலை மறுபடி கொடுங்கள். மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.