அம்மா அனுப்பிய பணம்!

கேட்டி போல்டர் என்பவர் இங்கிலாந்து நாட்டு டென்னிஸ் வீராங்கனை. 2025-ம் ஆண்டு பாரிஸ் நகரில் நடந்த பிரெஞ்சு ஓபன் போட்டியில் ஆடினார். முதல் செட்டில் தோற்றார். பிறகு சுதாரித்துக் கொண்டு அடுத்த இரண்டு செட்டுகளையும் வென்றார். வெற்றி அவருக்கே!

வென்றவருக்கு வாழ்த்துத்தானே வர வேண்டும்? வசையும் வந்தது. தமக்கு வந்த வசைகளை அவர் பி.பி.சி. நிறுவனத்திடம் காட்டினார். புற்றுநோய் வரட்டும் என்று ஒருவர் சபித்திருந்தார். குடும்பத்துக்கே சவப்பெட்டி வாங்கி வைக்கும்படி இன்னொருவர் எழுதியிருந்தார். ஒருவரின் வசை வேறு மாதிரி இருந்தது. தன் அம்மா அனுப்பிய பணத்தை இழந்து விட்டதாகச் சொல்லி, அவரை நாசமாய்ப் போகும்படி ஏசியிருந்தார்.

அம்மா அனுப்பிய பணம்! எந்த ஊர்ப் பிள்ளையோ! சாப்பாட்டுக்கோ, படிப்புக்கோ, வாடகைக்கோ தாய் அனுப்பிய காசு அது. முகம் தெரியாத ஒரு பெண்ணின் மட்டையை நம்பிப் பணயம் வைக்கப்பட்டது. போயிற்று. போன ஆத்திரம் அந்தப் பெண்ணின் மேல் பாய்ந்தது.

8 ஆயிரம் வசைகள்

இது ஒரு பெண்ணின் கதை மட்டும் அல்ல. சர்வதேச டென்னிஸ் சம்மேளனமும் பெண்கள் டென்னிஸ் சங்கமும் 2024-ம் ஆண்டுக்கு ஒரு கணக்கு எடுத்தன. அந்த ஓராண்டில் 458 ஆட்டக்காரர்களுக்கு ஏறத்தாழ 8 ஆயிரம் வசைகளும் மிரட்டல்களும் வந்திருந்தன. அவற்றில் 100-க்கு 40, பந்தயத்தில் பணம் இழந்தவர்கள் அனுப்பியவை.

பணம் இழந்தவர் ஆட்டக்காரரை ஏசுகிறார். அவர் ஏச வேண்டிய ஆள் உண்மையில் யார்? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பந்துக்குப் பந்து பணம்

முன்பெல்லாம் பந்தயம் என்றால் ‘யார் ஜெயிப்பார்?’ என்ற ஒரே கேள்விதான். ஆட்டம் முடிந்தால் கணக்கும் முடிந்தது. இப்போது அப்படி இல்லை. அடுத்த கேம் யாருக்கு? இந்த செட் யாருக்கு? அடுத்த புள்ளி யாருக்கு? ஆட்டம் நடந்து கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றுக்கும் பணம் கட்டலாம். கையில் கைபேசி இருந்தால் போதும்.

இதில் லாபம் யாருக்கு? ஓர் எளிய கணக்குப் போட்டுப் பாருங்கள். சமபலம் உள்ள இருவர் ஆடுகிறார்கள். ஒருவர் பக்கம் நீங்கள் 100 ரூபாய் கட்டுகிறீர்கள். மற்றவர் பக்கம் உங்கள் நண்பர் 100 ரூபாய் கட்டுகிறார். பெட்டியில் 200 ரூபாய் இருக்கிறது. ஜெயித்தவருக்கு 200 கிடைக்குமா? கிடைக்காது. 190 கிடைக்கிறது என்று வைத்துக் கொள்வோம். மீதி 10 ரூபாய் பெட்டிக்காரருக்கு!

ஒரு தடவைக்குப் பத்து. இருபது தடவை கட்டினால்? நீங்களும் நண்பரும் மாறி மாறி ஜெயித்தாலும் முடிவில் இருவர் பையும் காலி. பெட்டிக்காரர் மட்டையைத் தொடவில்லை. வெயிலில் நிற்கவில்லை. ஆனால், ஒவ்வொரு தடவையும் அவர் பங்கு அவருக்கு வந்து விடுகிறது.

பகடைக்கு வயிறு உண்டு!

மகாபாரதத்தில் தருமர் சூதாடினார். நாட்டை இழந்தார். தம்பிமாரை இழந்தார். மனைவியையும் வைத்து இழந்தார். அங்கே உருண்டது பகடை. அதற்குப் பசி இல்லை. வீட்டு வாடகை இல்லை.

டென்னிஸ் பந்தயத்தில் உருளுவது மனிதப் பிறவி. இந்தப் பகடைக்கு வயிறு உண்டு!

டென்னிஸ் என்றதும் விம்பிள்டன் கோப்பையும் கோடிக்கணக்கில் பரிசும் நம் நினைவுக்கு வரும். அது உச்சாணிக் கொம்பு. கீழே இருக்கும் கிளைகளைப் பாருங்கள். தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்று பெயர் உள்ளவர்கள் சுமார் 15 ஆயிரம் பேர். இவர்களில் கைக்காசு போடாமல் காலம் தள்ளுகிறவர்கள் 250 முதல் 350 பேர் வரைதான். அதுவும் பயிற்சியாளரின் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்காமல்! இதைச் சொன்னது 2018-ம் ஆண்டு அறிக்கை கொடுத்த ஒரு விசாரணைக் குழு.

சிறிய போட்டிகளில் பரிசுத் தொகை மொத்தமே 15 ஆயிரம் டாலர். அதை ஆடியவர்கள் எல்லோரும் பங்கு போட்டுக் கொள்ள வேண்டும். முதல் சுற்றில் தோற்றவருக்குக் கிடைப்பது அவர் வந்த விமானக் கட்டணத்துக்குக்கூடக் காணாது.

இப்படிப்பட்ட ஒருவரிடம் தரகன் வருகிறான். “ஆட்டத்தைத் தோற்க வேண்டாம். ஒரே ஒரு கேமை விட்டுக் கொடு, போதும்” என்கிறான். கிரிக்கெட்டில் 11 பேர் ஆடுகிறார்கள். இங்கே ஒருவர்தான். அவர் மட்டும் சம்மதித்தால் போதும். இரண்டு பந்தை வலையில் அடித்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? ஆட்டத்தையும் ஜெயிக்கலாம், லஞ்சத்தையும் வாங்கலாம்!

சிறைக்குப் போன ‘மேஸ்ட்ரோ’

இது கற்பனை அல்ல. பெல்ஜியம் நாட்டில் கிரிகோர் சர்க்சியான் என்று ஒருவர் இருந்தார். ‘மேஸ்ட்ரோ’ என்பது அவருக்குப் பட்டப்பெயர். 30-க்கு மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த 180-க்கும் அதிகமான ஆட்டக்காரர்கள் அவர் வலையில் விழுந்திருந்ததாக விசாரணையில் தெரிந்தது. பந்தயப் பணத்தை ஒரே பெயரில் கட்டினால் சந்தேகம் வரும் அல்லவா? அதனால், பலர் பெயரில் சிறு சிறு தொகையாகக் கட்டினார்கள். 2023-ம் ஆண்டு பெல்ஜியம் கோர்ட்டு அவருக்கு 5 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

விலை போன ஆட்டக்காரர்களும் தப்பவில்லை. 2011-ம் ஆண்டு ஆஸ்திரியா வீரர் டேனியல் கோலரருக்கு ஆயுள் முழுவதும் ஆடத் தடை விதிக்கப்பட்டது. அதன்பின் பலர் அந்தத் தண்டனையைப் பெற்று விட்டார்கள்.

தப்பு செய்தவர்களுக்குத் தண்டனை வேண்டியதுதான். வறுமையில் இருந்தும் கை நீட்டாதவர்களே அதிகம். ஆனால், பகடையை மட்டும் தண்டித்து விட்டு, ஆட்டப் பலகையை விரித்து வைத்தவரை விட்டு விடலாமா?

புள்ளி விற்பனை

பலகையை விரித்தது யார்? பந்தய நிறுவனங்கள் மட்டும் அல்ல. டென்னிசைக் காப்பாற்ற வேண்டிய சம்மேளனமே அதற்கு உதவியது!

நடுவர் தம் கையில் உள்ள கருவியில் ஒவ்வொரு புள்ளியையும் பதிகிறார். அந்தக் கணக்கு சில வினாடிகளில் பந்தய நிறுவனங்களுக்குப் போகிறது. இலவசமாக அல்ல, விலைக்கு! சிறிய போட்டிகளின் புள்ளிக் கணக்கையும் சர்வதேச சம்மேளனம் விற்றது. 2015-ம் ஆண்டு செய்த 5 ஆண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு சுமார் 7 கோடி டாலர். பார்க்கப் பத்துப் பேர்கூட இல்லாத ஆட்டத்தின் மேலும் உலகம் முழுவதும் பணம் கட்ட வழி பிறந்தது.

வக்கீல் ஆடம் லூயிஸ் தலைமையிலான விசாரணைக் குழு சொன்னதும் இதைத்தான். குழு 3,200 ஆட்டக்காரர்களைக் கேட்டது. சூது ஆட்டம் பற்றி நேரடியாகவே தெரியும் என்று 464 பேர் சொன்னார்கள். 15 ஆயிரம் டாலர் போட்டிகளின் புள்ளி விற்பனையை நிறுத்தி விடும்படி குழு யோசனை கூறியது.

அந்த யோசனை நியாயமானது. கீழ்மட்டப் போட்டிகளின் புள்ளி எங்கே விலை போனாலும் அந்த வாசல் அடைக்கப்பட வேண்டும்.

“நாங்கள் விற்காவிட்டால் வேறு எவனாவது திருட்டுத்தனமாக விற்பான். விற்ற பணம் ஆட்டத்தின் வளர்ச்சிக்கு உதவுகிறது” என்று ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. திருடன் எப்படியும் வருவான் என்பதற்காக, நாமே கதவைத் திறந்து விட்டு அவனிடம் வாடகை வாங்குவதா? திருட்டுத்தனமாக விற்பவனைப் பிடிக்கலாம். சட்டப்படி விற்பவரை யார் பிடிப்பது? வளர்ச்சி என்கிறார்களே, அந்த வளர்ச்சியில் முதல் சுற்றில் தோற்றவனுக்கு விமானக் கட்டணமாவது கிடைத்ததா?

யாரை ஏசுவது?

மேல்மட்ட ஆட்டங்களிலும் நம் பணம் நம்மிடம் தங்காது. அங்கே ஆட்டம் நேர்மையாக நடந்தாலும், பெட்டிக்காரரின் பத்து ரூபாய் அவருக்குப் போய்க் கொண்டேதான் இருக்கும்.

ஆகையால், பணம் இழந்த தம்பியே! போல்டரை ஏசாதே. அவர் உன்னிடம் பணம் கேட்கவில்லை. நீ கட்டியது அவருக்குத் தெரியவும் தெரியாது. அவர் தம் ஆட்டத்தை ஆடினார், அவ்வளவுதான்.

உன் பணத்தை எடுத்துக் கொண்டவர் பெட்டிக்காரர். அந்தப் பெட்டியில் கை வைத்தது நீ. முதலில் கையை எடு. பிறகு அம்மாவிடம் உண்மையைச் சொல். கோபிப்பாள். அழுவாள். ஆனால், பசித்த பிள்ளைக்குச் சோறு போடுவாள். எந்தப் பந்தயப் பெட்டியும் அதைச் செய்யாது!