காதல் கதையில் சாதி எதற்கு என்று கேட்கும் தங்கைக்கு

"அண்ணா, லவ் ஸ்டோரியிலயும் க்ரைம் நாவல்லயுமாவது சாதியை விட்டுடுங்களேன். அதெல்லாம் சும்மா டைம்பாஸுக்குப் படிக்கிறது."

போன மாதம் மாணவர்களின் வாசிப்புக் கூட்டம் ஒன்றில் ஒரு தங்கை இப்படிச் சொன்னார். நம் பிள்ளைதான். விடுதியில் தங்கிப் படிக்கிறார், கைப்பேசியில் வாரத்துக்கு இரண்டு காதல் மர்ம நாவல் முடிக்கிறார். அவர் சொன்னதற்குப் பல தலைகள் ஆடின. உடனே இயக்கத் தோழர் ஒருவர் எழுந்து, "இந்தக் குப்பையை எல்லாம் ஏம்மா படிக்கிற? அம்பேத்கரைப் படி" என்றார். அதன்பிறகு அந்தத் தங்கை கூட்டம் முடியும்வரை வாயே திறக்கவில்லை.

இரண்டு பேர் சொன்னதும் தவறு என்பதுதான் என் கருத்து. முதலில் தோழருக்குச் சொல்கிறேன்.

தோழர், குப்பை என்று சொல்வது சுலபம். ராஜேஷ்குமார் 1,500-க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். ரமணிசந்திரனுக்கு மூன்று தலைமுறைப் பெண்கள் வாசகர்கள். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலாவையும், சுபாவின் நரேந்திரன்–வைஜெயந்தியையும், சுஜாதாவின் கணேஷ்–வசந்தையும் தெரியாத வாசகர் தமிழ்நாட்டில் குறைவு. எங்கள் தெருவுக்கு நூலகம் வரவில்லை. பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கிய மாத நாவல்தான் வந்தது. என் அம்மா எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியது அதில்தான். வேலை முடிந்து வந்து, அடுப்படியில் உட்கார்ந்து, அரை மணி நேரம் தனக்கென்று ஒரு கதை. அந்த அரை மணி நேரத்தைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது. நாம் போடுகிற துண்டறிக்கையை எத்தனை பேர் கடைசி வரிவரை படிக்கிறார்கள்? மக்கள் விரும்பிப் படிப்பதைப் பற்றிப் பேசாமல் ஒதுங்குவது முற்போக்கு இல்லை, சோம்பேறித்தனம்.

இனி தங்கைக்கு.

நீங்கள் சாதியை விட்டுவிடச் சொல்கிறீர்கள். அதை அங்கே கொண்டுபோனது நான் இல்லை. அது ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் கடைசியாகப் படித்த பத்துக் காதல் நாவல்களை எடுத்துக்கொள்ளுங்கள். நாயகன் ஜமீன் பரம்பரை, அல்லது மில் முதலாளி, அல்லது ஊரே கைகட்டி நிற்கும் பெரிய வீட்டுப் பையன். வீட்டில் குலதெய்வக் கோயில் திருவிழா, முதல் மரியாதை, பரம்பரை நகை. நாயகி ஏழையாக இருக்கலாம். ஆனால் "நல்ல குடும்பத்து" ஏழை, சிவந்த நிறத்து ஏழை. காதலுக்குத் தடை ஒரு தவறான புரிதல், அல்லது பழைய குடும்பப் பகை, அல்லது பொறாமை பிடித்த அத்தை மகள். தமிழ்நாட்டில் காதலுக்கு எது நிஜமான தடை என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அந்த ஒன்று மட்டும் முந்நூறு பக்கத்தில் ஒரு வரிகூட வராது. சாதியின் பெயர் இல்லாததால் சாதி இல்லாத கதை ஆகிவிடுமா? பெயர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத இடத்தில் அந்த நாயகன் இருக்கிறான் என்பதுதான் அதன் பொருள்.

தமிழில் துப்பறியும் நாவலைத் தொடங்கிவைத்தவர்கள் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்று சாதிப் பெயரோடு அட்டையில் நின்றார்கள். சுயமரியாதை இயக்கம் வந்தது, பெயருக்குப் பின்னால் இருந்த வால் அறுந்தது. அது பெரிய வெற்றி. ஆனால் அட்டையில் அறுந்த வால் கதைக்குள் அறுபடவில்லை.

இப்போது வாசகர்கள் எழுதும் கருத்துகளுக்கு வருவோம். கைப்பேசியில் வரும் நாவல்களில் "ஆன்ட்டி ஹீரோ" என்று ஒரு வகை ஓடுகிறது. நாயகன் பெண்ணைக் காரில் கடத்துவான், அறையில் பூட்டுவான், அவள் அழ அழத் தாலி கட்டுவான். நூறு பக்கம் கழித்து அவள் அவனை மன்னிப்பாள். கீழே வாசகர்கள்: "ஹீரோ செம கெத்து", "இப்படி ஒருத்தன் கிடைக்கணும்", ஐந்து நட்சத்திரம். பெண்ணைக் கட்டாயத் திருமணத்துக்காகக் கடத்துவது இந்திய தண்டனைச் சட்டத்தில் 366-ஆம் பிரிவு, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 87-ஆம் பிரிவு. பத்தாண்டு வரை சிறை. நாவலில் அதற்குப் பெயர் காதல்.

சரி, நாவலுக்கு வெளியே வாருங்கள். ஒரு தலித் இளைஞன், பெண்ணின் முழுச் சம்மதத்தோடு, பதிவு அலுவலகத்தில் திருமணம் செய்கிறான். அதற்கு இந்த மாநிலத்தில் என்ன பெயர் வைத்தார்கள்? நாடகக் காதல். தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்று 2012-இல் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் பேசியது நாடறிந்தது. நீங்கள் படித்த நாவலின் முதல் அத்தியாயத்தைத் திருப்பிப் பாருங்கள். நாயகன் காரிலிருந்து எப்படி இறங்குகிறான்? ஜீன்ஸ், கூலிங் கிளாஸ். பெரிய வீட்டுப் பையன் போட்டால் அது கம்பீரம். சேரிப் பையன் போட்டால் சதி. கடத்திக் கட்டிய தாலி காதல், சம்மதத்தோடு கட்டிய தாலி நாடகம். இரண்டையும் ஒரே சமூகம்தான் சொல்கிறது, சில சமயம் ஒரே வாய் சொல்கிறது.

இளவரசன் கூலிங் கிளாஸ் போட்டாரா என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டியில் இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. 2013 ஜூலை 4 அன்று அவர் உடல் தண்டவாளத்தின் ஓரம் கிடந்தது. அந்த ஊர்களில் எரிந்த பீரோக்களில் பள்ளிச் சான்றிதழ்களும் சேர்ந்துதான் எரிந்தன.

"கடைசிவரைக்கும் யாருன்னே கண்டுபிடிக்க முடியல, சூப்பர்!" இது க்ரைம் நாவலுக்கு வாசகர் தரும் மிகப் பெரிய பாராட்டு. நம் கதைகளில் யார் செய்தார்கள் என்பது முதல் நாளே ஊருக்குத் தெரியும். அதை நீதிமன்றத்தில் ஏற்றுவதற்குள் ஒரு தலைமுறை போய்விடும். சஸ்பென்ஸ் அங்கேதான் இருக்கிறது.

முருகேசன் பொறியியல் பட்டதாரி, தலித். கண்ணகி வன்னியர். விருத்தாசலம் பக்கத்தில் புதுக்கூரைப்பேட்டை. 2003 ஜூலையில் ஊர் பார்க்க இருவருக்கும் விஷம் கொடுத்து, உடல்களை எரித்தார்கள். காவல்துறை உண்மையை மூடியது, வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. கடலூர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2021 செப்டம்பரில். பதினெட்டு ஆண்டுகள். தண்டிக்கப்பட்ட 13 பேரில் இருவர் காவல் அதிகாரிகள். க்ரைம் நாவலில் இன்ஸ்பெக்டர் கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் ஒரு ஹாலில் உட்காரவைத்து முடிச்சை அவிழ்ப்பார். இங்கே அதிகாரியே குற்றவாளிப் பட்டியலில். இந்தக் கதையில் துப்பறிந்தவர் யார் என்றால், ஆண்டுக்கணக்காக அந்த வழக்கைச் சுமந்த வழக்கறிஞர் பொ. ரத்தினத்தைச் சொல்வேன்.

முதல் சந்தேகம் யார் மேல் விழுகிறது என்பதையும் கவனியுங்கள். பங்களாவில் நகை காணோம், கொலை நடந்திருக்கிறது. முதலில் விசாரிக்கப்படுபவர்கள் சமையல்காரி, தோட்டக்காரன், டிரைவர், வாட்ச்மேன். கடைசியில் கொலைகாரன் வேறு ஆள் என்று வரும். "நல்ல ட்விஸ்ட்" என்று வாசகர் மெச்சுவார். ஆனால் நடுவில் அந்த வாட்ச்மேன் ஸ்டேஷனில் வாங்கிய அடி என்ன ஆனது? அது கதையை நகர்த்த ஒரு பக்கம், அவ்வளவுதான். அந்த ஒரு பக்கத்தில்தான் ராஜாக்கண்ணு செத்தார். 1993-இல் நகைத் திருட்டுச் சந்தேகத்தில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட குறவர் சமூகத்து மனிதர். தப்பி ஓடிவிட்டார் என்றது போலீஸ். அவர் மனைவி பார்வதி விடவில்லை. சந்துரு வழக்கறிஞராக நின்றார். அடித்துக் கொன்றது அம்பலமானது. 'ஜெய் பீம்' படம் வரும்வரை நம்மில் பலருக்கே இது தெரியாது. 1871-இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்து, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிய குற்றப் பரம்பரைச் சட்டம் புத்தகத்திலிருந்து போய்விட்டது. சந்தேகப்படுகிற பழக்கத்திலிருந்து போகவில்லை. அந்தப் பழக்கத்தை மாதாமாதம் புதுப்பிப்பதில் பாதிப் பங்கு இந்த நாவல்களுக்கு உண்டு.

"வாசகர்கள் சாதியைப் பார்த்தா படிக்கிறாங்க?" என்று அடுத்த கேள்வி வரும். தன் சாதியைத் தொட்டால் பார்ப்பார்கள், தங்கையே. 1980-களில் சுஜாதா குமுதத்தில் 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' தொடரைத் தொடங்கினார். ஒரு சாதியைப் பற்றிய பகுதிக்கு எதிர்ப்புக் கிளம்பியது, தொடர் நின்றது. பிறகு 'ரத்தம் ஒரே நிறம்' என்று வேறு தொடராக எழுதினார். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' வெளிவந்து நான்கு ஆண்டு கழித்து, திருச்செங்கோட்டில் புத்தகத்தை எரித்தார்கள். 2015 ஜனவரியில் கடையடைத்தார்கள். எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரையே எழுதவைத்தார்கள். மாதொருபாகன் யார்? அந்த ஊர் மலைமேல் இருக்கும் அர்த்தநாரீசுவரர். ஆறே மாதத்தில், அதே கோயிலில் தோழி ஒருவரோடு பேசிக்கொண்டிருந்த பொறியாளர் கோகுல்ராஜைக் கடத்தினார்கள். மறுநாள் தலை துண்டிக்கப்பட்ட உடல் தண்டவாளத்தில் கிடந்தது. கோயில் கேமரா காட்சி சாட்சி ஆனது. அவர் அம்மா நின்றார், வழக்கறிஞர் ப.பா. மோகன் நடத்தினார், 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள். நாவலுக்காக அடைத்த கடைகள் இந்த உயிருக்காக எத்தனை அடைத்தன? கற்பனைப் பாத்திரத்தின் மானம் தெரிகிற வாசகருக்குப் பக்கத்துத் தெருப் பையனின் உயிர் தெரியவில்லை. அப்படிப்பட்டவர் "எனக்குச் சாதி தெரியாது" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

"இதையெல்லாம் வைத்து விறுவிறுப்பான கதை எழுத முடியாது, பிரச்சாரம் ஆகிவிடும்" என்பது கடைசி வாதம். இமையத்தின் 'பெத்தவன்' படியுங்கள். தலித் சப்-இன்ஸ்பெக்டரைக் காதலித்த மகளைக் கொல்லச் சொல்கிறது ஊர். அப்பன் கையில் ஒரு இரவு இருக்கிறது. அதைவிட நெஞ்சைப் பிடிக்கும் சஸ்பென்ஸ் எந்த மாத நாவலில் வந்தது? அது வெளியானது 2012-இல், தருமபுரி எரிவதற்குச் சற்று முன். பெருமாள்முருகன் இளவரசனுக்குச் சமர்ப்பித்த 'பூக்குழி' காதல் கதைதான், ஒவ்வொரு பக்கத்திலும் பயம் ஏறும் கதைதான். அமெரிக்காவில் செஸ்டர் ஹைம்ஸ் 1950-களிலேயே ஹார்லெமில் இரண்டு கறுப்பினத் துப்பறிவாளர்களை இறக்கினார். 1990-இல் வால்டர் மோஸ்லி, ஈஸி ராலின்ஸ் என்ற கறுப்பினத் துப்பறிவாளரைக் கொண்டுவந்தார். வெள்ளைப் போலீஸ் தன் கதவைத் தட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்த துப்பறிவாளர். அவை பாடப்புத்தகம் இல்லை, ரயிலில் படிக்கிற க்ரைம் நாவல்கள். முடியும் என்பதற்கு இது போதும்.

ஆகவே நான் படிக்காதே என்று சொல்லவில்லை. படியுங்கள், ஆனால் உங்கள் கருத்தை எழுதும்போது "விறுவிறுப்பு", "செம" என்பதோடு நிறுத்தாதீர்கள். நாயகன் எந்தத் தெருவில் இருக்கிறான்? அவன் வீட்டுப் பாத்திரம் தேய்ப்பவர் எங்கே சாப்பிடுகிறார்? கறுப்பு நிறம் யாருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது? முதல் அடி யார் மேல் விழுகிறது? நாயகி மாட்டேன் என்றால் கதை அதைக் கேட்கிறதா? இதைத்தான் எழுதுங்கள். இந்த எழுத்தாளர்கள் விமர்சகர்களுக்குப் பயப்படுவதில்லை, வாசகர்களுக்குக் காது கொடுப்பார்கள். அவர்களின் பிழைப்பே வாசகர். ஐம்பது பேர் ஒரே கேள்வியைக் கேட்டால் அடுத்த நாவலில் ஒரு வரியாவது மாறும்.

அந்தக் கூட்டம் முடிந்து பேருந்துக்கு நிற்கையில் தங்கையிடம் பேசினேன். "நீங்க கதை எழுதுவீங்களா?" என்றேன். ஒரு நோட்டில் பாதி எழுதி வைத்திருக்கிறாராம், நாயகன் பெயர் ஆதித்ய வர்மன், ஜமீன். "ஏன் ஜமீன்?" என்றேன். "நம்ம பசங்களை வெச்சு எழுதினா யாரு அண்ணா படிப்பா?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான், அவர் மேல் இல்லை. தன் தெருவைச் சேர்ந்த ஒருவன் காதலிக்கத் தகுந்தவன் என்றுகூடக் கற்பனை செய்ய முடியாதபடி ஒரு பெண்ணைப் பழக்கிவைத்த அத்தனை ஐந்து நட்சத்திரங்கள் மேலும் வந்தது.

தங்கையே, அந்த நோட்டைக் கிழிக்க வேண்டாம். பெயரை மட்டும் மாற்றுங்கள், முகவரியை மாற்றுங்கள், மீதியை எழுதி முடியுங்கள். முதல் ஆளாக நான் படிக்கிறேன்.

ஜெய் பீம்.