துருவை அகற்றுவோம், தேய்மானத்தை அல்ல

பழைய பொருளைப் பழுதுபார்ப்பது வேறு; அதைப் புதிதாக்குவது வேறு. இரண்டையும் ஒன்றென எண்ணி, பாதுகாக்க நினைத்ததையே நாம் அழித்துவிடுகிறோம் என்பது என் கருத்து.

எங்கள் வீட்டில் ஒரு பேனாக்கத்தி இருக்கிறது. மூத்தவாப்பா கரைவலை இழுத்த காலத்தில் இடுப்பு வாரின் பைக்குள் வைத்திருந்தது. கொம்புப் பிடி, அலகின் அடியில் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்து ஜோசப் ரொஜர்ஸ் கம்பனியின் நட்சத்திரமும் சிலுவையும் மங்கலாகத் தெரிகின்றன. 2004 டிசம்பர் 26 அன்று கடல் கல்முனைக்குடிக்குள் வந்தபோது எங்கள் குடும்பப் படங்கள், காணி உறுதி, பெட்டகம் எல்லாம் போய்விட்டன. வாரில் இருந்தபடியால் இந்தக் கத்தி மிஞ்சியது. நான் பிறக்குமுன்னரே மௌத்தாகிவிட்ட அவரை அறிய எனக்குக் கிடைத்த ஒரே பொருள் இதுதான்.

அவருக்குப் பின் யாரும் எண்ணெய் பூசாததால் அது துருப்பிடித்து, திறக்க முடியாமல் இறுகிவிட்டது. "சாணைக்குக் கொடுத்தால் புதுசு மாதிரி மினுங்கும்" என்கிறார் சாச்சா. அவர் அன்பினால்தான் சொல்கிறார். ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை.

மூத்தவாப்பா தீட்டித் தீட்டி அலகு நடுவில் ஒடுங்கியிருக்கிறது. பெருவிரல் பட்ட இடத்தில் பிடி வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கிறது. சாணைச் சக்கரம் இவற்றை ஒரு நிமிடத்தில் சமப்படுத்திவிடும். சூடேறி அலகு நீலம் பாய்ந்தால் உருக்கின் கடினமும் குறையும்; பிறகு கூர் நிற்காது.

அப்படியானால் துருவோடு விட்டுவிடுவதா? இல்லை. செந்துரு ஈரத்தைப் பிடித்துவைத்து உருக்கைத் தின்றுகொண்டே போகும். நமது உப்புக்காற்று அதை இன்னும் விரைவாக்கும். மூட்டில் சில துளி மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்தால் இறுக்கம் இளகத் தொடங்கும். இளகாவிட்டால் மறுநாளும் விட வேண்டும். பலவந்தமாக இழுக்கக் கூடாது. செந்துருவை எண்ணெய் தொட்ட துணியாலும், பழைய செப்புச் சதக் காசின் விளிம்பாலும் சுரண்டலாம். செம்பு உருக்கைவிட மென்மையானது. பாக்கும் பழமும் வெட்டியதால் படிந்த கருமையை அப்படியே விடலாம்; அது துருவின் வேகத்தைக் குறைக்கும். கொம்புப் பிடியைத் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது. இறுதியில் தையல் மெஷின் எண்ணெய் பூசலாம். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும்.

பழைய கட்டடங்களைப் பேணுவோர் 1964 இல் வெனிஸ் நகரில் வகுத்த சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் மீளமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது. மாளிகைகளுக்குச் சொன்ன அந்த விதி ஒரு சிறு கத்திக்கும் பொருந்தும்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பாக்குவெட்டியோ வட்டாவோ படிக்கமோ மிஞ்சியிருக்கலாம். மினுக்கக் கொடுக்குமுன், அதைப் பாவித்தவர் யார், எந்தக் கீறல் எதனால் வந்தது என்று எங்களுக்குச் சொல்லுங்கள். தோழிகளே, கேட்டு எழுதி வையுங்கள். கடல் கொண்டுபோனவை போதும். மிஞ்சியவற்றை நாமே தேய்த்து அழிக்க வேண்டாம்.