கண் திறக்காத குதிரைகள்

எழுதப்போகும் கதைகளுக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். இன்னும் புத்தகம் போடவில்லை. கதைகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் சாமி சம்பந்தப்பட்டவை.

நம் கதைகளில் சாமி பெரும்பாலும் தோலுரிக்க வேண்டிய மூடநம்பிக்கையாக வருகிறது, இல்லையென்றால் கடைசிப் பக்கத்தில் கண்ணீர் வரவழைக்கும் அற்புதமாக வருகிறது. சாமியோடு அன்றாடம் காலம் தள்ளுகிறவர்கள் இரண்டிலும் காணாமல் போகிறார்கள். அவர்களைப் பார்த்து எழுதியவர்கள் உண்டு. புதுமைப்பித்தன் கடவுளையே சென்னைக்கு வரவழைத்துக் கந்தசாமிப் பிள்ளை வீட்டு விருந்தாளி ஆக்கினார். தோப்பில் முஹம்மது மீரான் 1988இல் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில் தன் சமூகத்தை உள்ளிருந்தே பார்த்தார். கிறிஸ்தவராக இருந்தும் ஊர் அழுக்கு வெளுக்கும் வேலையிலிருந்து விடுபட முடியாத ஆரோக்கியத்தை இமையம் ‘கோவேறு கழுதைக’ளில் எழுதினார். அந்த வரிசையில் நிற்கிற தகுதி எனக்கு வருமோ தெரியாது, ஆசை இருக்கிறது.

முதலில் எழுத நினைப்பது, மண்குதிரை செய்யும் குயவரான ஒரு வேளாரின் கதை. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் அய்யனாருக்குப் புரவி எடுப்பதென்று ஊர்கூடி முடிவு செய்தால், வேளாரிடம் ஒரு கைப்பிடி மண்ணைப் பிடிமண்ணாகக் கொடுப்பார்கள். அந்த மண்ணைக் களிமண்ணோடு சேர்த்துப் பிசைந்து அவர் குதிரை செய்வார். கால்கள் முதலில், அப்புறம் வயிறு, கழுத்து, தலை. உள்ளே கூடாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சூளையில் வெடித்துவிடும். வேலை முடிகிறவரை விரதம். பல ஊர்களில் அய்யனாருக்குப் பூசாரியும் அவர்தான்.

என் கதையில் குதிரைகள் வெந்து, வர்ணமும் பூசியாகிவிட்டது. கண் வரைந்து உயிர் கொடுக்கும் கண் திறப்புதான் பாக்கி. அப்போது முதல் மரியாதை யாருக்கு என்று கோயில் உரிமையில் பங்குள்ள இரண்டு கரைக்காரர்களுக்குள் தகராறு வருகிறது. தாலுகா ஆபீசில் அமைதிப் பேச்சுவார்த்தை நடக்கிறது, உடன்பாடு வரவில்லை, திருவிழா நின்றுபோகிறது. குதிரைகள் வேளார் வீட்டு வாசலிலேயே நிற்கின்றன. கூலியில் பாதி வரவேண்டும். விரதத்தை எப்போது முடிப்பது என்று சொல்ல ஆளில்லை. பேத்திக்குக் காதுகுத்து வருகிறது, கறிச்சோறு போட வேண்டும். “இனிமே யாருப்பா கேக்கப்போறா, சாப்பிடுங்க” என்கிறான் மகன். மழைக்காலம் தொடங்குகிறது. சென்னையில் ஓட்டல் வாசலில் நிறுத்த ஜோடிக் குதிரை வேண்டுமென்று ஒருவர் நல்ல விலை பேசி வருகிறார். கண் திறக்காத குதிரை வெறும் மண்தானே, விற்றால் என்ன? ஆனால் அதற்குள் பிடிமண் இருக்கிறது. யாரிடம் போய் உத்தரவு கேட்பார்? சாமிக்கு உத்தரவு கேட்டுச் சொல்கிற பூசாரியே அவர்தான்.

இந்தக் கதைக்கு முடிவு இன்னும் கிடைக்கவில்லை. அவர் விற்றாலும் அவர்மேல் கோபம் வராத மாதிரி எழுத வேண்டும். விற்காவிட்டாலும் அவரைத் தியாகி ஆக்கக் கூடாது.

இன்னொன்று வேளாங்கண்ணி. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலை. கிறிஸ்துமஸுக்கு மாதாவைப் பார்க்க வந்தவர்களில் நூற்றுக்கணக்கானவர்களைக் கடல் கொண்டுபோனது. ஒரே அறையில் தங்கியிருந்த இரண்டு தாய்கள். ஒருத்தியின் பிள்ளை பிழைத்துவிடுகிறது. “மாதாதான் காப்பாத்திக் குடுத்தா” என்று அவள் எல்லோரிடமும் சொல்லி அழுகிறாள். பிள்ளையைப் பறிகொடுத்த மற்றவள் பக்கத்திலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நன்றி சொல்லாமல் அவளால் இருக்க முடியாது, அதைக் கேட்டுப் பொறுத்துக்கொள்ள இவளாலும் முடியாது. இதை எழுத எனக்கு இன்னும் வயது வேண்டும்.

பயமும் இருக்கிறது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வெளியானது. நான்கு ஆண்டு கழித்து எதிர்ப்பு கிளம்ப, 2015 ஜனவரியில் தன்னுள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டதாக அவர் அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளரின் உரிமையைக் காத்துத் தீர்ப்பளித்தது. அப்படியும், ஊர்ப் பெயரைப் போடலாமா, சாதியைச் சொல்லலாமா என்று கை தயங்கத்தான் செய்கிறது. ஊர்ப் பெயரை மாற்றிக்கொள்வேன். சாதியை அழித்துவிட்டு வேளார் கதையை எழுத முடியாது. முதல் மரியாதைச் சண்டையே சாதிச் சண்டைதான்.

என் மனசுக்கு மிகப் பிடித்தது கடைசிக் கதை. நாகப்பட்டினத்தில் ஓர் அம்மா இறந்துபோகிறார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பெட்டியை ஒழிக்கும்போது, மஞ்சள் துணியில் முடிந்த ஒற்றைக் காசு கிடைக்கிறது. என்ன வேண்டுதல், எந்தச் சாமிக்கு, யாருக்கும் தெரியாது. அந்த ஊரில் அது லேசான கேள்வி இல்லை. பக்கத்திலேயே சிக்கல் சிங்காரவேலர். வடக்கே தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிய 131 அடி மனோரா கொண்ட தர்காவில் நாகூர் ஆண்டவர். தெற்கே வேளாங்கண்ணி மாதா. அம்மா மூன்று இடத்துக்கும் போய் வந்தவர்தான். “மூணு உண்டியல்லயும் போட்டுடலாம்” என்கிறான் சின்னவன். சில்லறையை யாரும் போடலாம், அம்மா முடிந்த காசு ஒன்றுதானே இருக்கிறது? அக்கம்பக்கம் விசாரிக்க விசாரிக்க, வேண்டிக்கொண்டது நடு மகளுக்காக என்று தெரிகிறது. வேறு மதத்தில் கல்யாணம் செய்துகொண்டு போனவள். அவள் பெயரை வீட்டில் உச்சரிக்கவே அப்பா விட்டதில்லை. அம்மா சாவுக்குக்கூட அவளுக்குச் சொல்லி அனுப்பவில்லை. எந்தச் சாமி என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். இப்போது அவளுக்கு யார் போன் செய்வது?

உங்கள் வீட்டில் அம்மாவோ அப்பத்தாவோ இப்படிக் காசு முடிந்து வைத்திருந்தால், எந்தச் சாமிக்கு, யாருக்காக என்று அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். அவர்கள் சொல்வதை ஒரு தாளில் எழுதியும் வையுங்கள்.