எட்டு வான்படையினரும் பெயரில்லாத நம் தாத்தாக்களும்



கோலாலம்பூர் செராஸ் சாலைக் கல்லறையில் 2012 அக்டோபர் 18-ஆம் நாள், பிரித்தானிய வான்படையைச் சேர்ந்த எட்டுப் பேர் அடக்கம் செய்யப்பட்டனர். அவர்கள் இறந்ததோ 1945 ஆகஸ்ட் 23-இல். ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் இயங்கிய 136-ஆம் படைக்குப் பொருள்களைப் போடுவதற்காகக் கோகோஸ் தீவிலிருந்து புறப்பட்ட லிபரேட்டர் குண்டுவீச்சு வானூர்தி, நெகிரி செம்பிலான் மலைக்காட்டில் விழுந்தது. அறுபத்தேழு ஆண்டுகள் கழித்தும், அதில் யார் யார் இருந்தனர் என்பதில் ஐயம் எழவில்லை. வானூர்திக்கு எண் இருந்தது. படையணிக்கு நாள்தோறும் எழுதப்பட்ட பதிவேடு இருந்தது. அத்தகைய பதிவேடுகள் இன்றும் இலண்டன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஆங்கிலேயப் பேரன் ஒருவன் தன் தாத்தா எந்நாளில் எந்தப் பாலத்தின்மேல் பறந்தார் என்பதைத் தேடி அறிய முடிகிறது.

அந்தப் பாலங்களின் கீழே இருந்தவர்கள் யார்?

சயாம்–பர்மா இரயில் பாதை 415 கிலோமீட்டர் நீளமுடையது. 1943 அக்டோபரில் முடிக்கப்பட்டது. 1944, 1945-ஆம் ஆண்டுகளில் லிபரேட்டர் வானூர்திகள் அதன் பாலங்களைக் குண்டுவீசித் தகர்த்தன. அங்கே பழுதுபார்க்கும் பணியில் எஞ்சியிருந்தோரில் நம் தோட்டத் தமிழரும் இருந்தனர். மேலிருந்து குண்டு வீசியவரின் பெயர் தாளில் இருக்கிறது. கீழே ஓடி ஒளிந்தவரின் பெயர் எங்கும் இல்லை. போர்க்கைதிகளில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இது பெயர் பெயராக எண்ணப்பட்ட கணக்கு. ஆசியத் தொழிலாளர்களில் ஏறத்தாழ 90,000 பேர் இறந்தனர் என்பதோ மதிப்பீடு மட்டுமே. அதனினும் மிகுதி என்பாரும் உளர். (குவாய் நதிப் பாலம் பற்றிய 1957-ஆம் ஆண்டு ஆங்கிலத் திரைப்படத்தைப் பார்த்துவிட்டு வரலாறு தெரியும் என்போர் நம்மிடையே உண்டு. அது எடுக்கப்பட்டது இலங்கையில். அதில் நம்மவரைத் தேடிப் பார்க்கட்டும்!)

நம் பேராக்கில், தைப்பிங் போர்க் கல்லறைக்கு மாணவர்களை அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ள 850-க்கும் மேற்பட்ட கல்லறைகளில் 500-க்கும் மேற்பட்டவை அடையாளம் தெரியாதவர்களுடையவை. பெயர் தெரியாதவருக்கும் தனித்தனிக் கல் நாட்டியிருக்கிறார்கள். தோட்டத்திலிருந்து இரயிலேறிப் போனவருக்கு அதுவும் இல்லை.

காஞ்சனபுரியில் 2023-இல் நம்மவருக்கென நடுகல் எழுப்பப்பட்டதை வரவேற்கிறேன். ஆயினும் கல்லை விடப் பெயர்ப்பட்டியலே நமக்கு முதல் தேவை என்பது என் கருத்து. அந்த வேலையைத் தமிழ்ப்பள்ளிகள் தொடங்கலாம். தோட்டத்துச் செக்ரோல் புத்தகங்கள் பெரும்பாலும் போய்விட்டன. இரப்பர் போய்ச் செம்பனையும் வீடமைப்புப் பகுதியும் வந்துவிட்டன. ஆனால் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு அலமாரியில் இருக்கக்கூடும். போருக்குப் பிந்திய பக்கங்களைப் புரட்டுங்கள். தந்தை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தாயோ தாய்மாமனோ இருந்தால், அந்த வீட்டிலிருந்து ஒருவர் சயாமுக்குப் போனாரா என்று விசாரிக்கலாம்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டுப் பாட்டியிடம் "எந்த ஆண்டு?" என்று கேட்காதீர்கள், விடை கிடைக்காது. தீபாவளிக்கு முன்பா பின்பா, எந்தக் கங்காணி, எந்த லயம், கூடப் போனவர் யார் யார் என்று கேளுங்கள். பாதிப் பெயர் சொன்னாலும் எழுதிக்கொள்ளுங்கள், பட்டப்பெயரும் பெயரே. அன்று ஐந்து வயதுக் குழந்தையாக இருந்தவர் இன்று எண்பத்தைந்தைக் கடந்தவர். யூ.பி.எஸ்.ஆர். தேர்வும் 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆறாம் ஆண்டு மாணவருக்கு நேரமில்லை என்று நாம் சொல்லவும் முடியாது. வரும் பள்ளி விடுமுறைக்கு இதையே வீட்டுப்பாடமாகக் கொடுக்கலாமே.