மலை தந்த மின்சாரமும் மலையேறும் விலையும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டபோது, தமிழாசிரியராகிய யாம் இலக்கியப் பொருள் ஒன்றையே எழுதுவோமென அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். ஆயின், ஆசிரியர் அறையிலும், கடைத்தெருவிலும், பழைய மாணவர் கூடுமிடங்களிலும் இந்நாளில் ஓயாது பேசப்படுவது மின்சார மோட்டார் வண்டியைப் பற்றியேயாம். அதனை வாங்குதல் தகுமா, வழியில் மின்னேற்றுதற்கு என்ன விலை கேட்கின்றனர், மின்சாரமும் பெற்றோலும் கலந்த வண்டி மேலானதன்றோ என்னும் வினாக்கள் எழாத நாளில்லை. மொழியைக் கற்பிப்போர் ஊரார் கவலையை மறந்து கற்பித்தல் ஆகாது எனக் கருதி, அப்பொருளையே எடுத்துக்கொண்டோம்.

மலையகத்தார்க்கு இப்பொருளிற் பேசத் தனியுரிமை ஒன்றுண்டு. இந்நாட்டின் நீர்மின்சாரம் எம் மலைகளிற் பிறந்தது. பொறியியலறிஞர் டி. ஜே. விமலசுரேந்திரா அவர்கள் 1918 ஆம் ஆண்டிலேயே இலங்கையின் நீர்வலுவைப் பயன்படுத்தும் வழியை ஆராய்ந்து கட்டுரை படித்தார். பலர் நம்பவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்து 1950 இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் பின்னர் காசல்றீயிலும் மவுசாகலையிலும் நீர்த்தேக்கங்கள் எழுந்தன. பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மறைந்தது. 2012 இல் தலவாக்கலையருகே மேல் கொத்மலை நிலையம் 150 மெகாவாற்று வலுவுடன் தொழிற்படத் தொடங்கியது. ஆற்றைத் தந்தோம், நிலத்தைத் தந்தோம், ஓர் ஊரையே தந்தோம். ஆயினும் தலைக்கு மேலாக மின்கம்பி கொழும்புக்குச் செல்ல, கீழே லயன் அறைகளில் மண்ணெண்ணெய் விளக்கெரிந்த காலம் நெடியது. எம் பழைய மாணவருள் அவ்விளக்கின் ஒளியிற் படித்தோர் பலர். அந்த வரலாறு வேறோர் உருவில் மீளக்கூடாதென்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மின்சார வண்டி எம் நாட்டிற்கு முற்றும் புதியதன்று. 2015 ஆம் ஆண்டில் வரிச் சலுகை இருந்தபோது நிசான் லீஃப் வண்டிகள் மிகுதியாக வந்திறங்கின. அவ்வாண்டின் இறுதியில் வரி உயர்ந்தது, வரவு குறைந்தது. 2020 இல் வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டது. 2022 ஆம் ஆண்டு எரிபொருளுக்கு நிரையில் நின்ற நாள்களை எவர் மறப்பர்? அவ்வாண்டு யூன் இறுதியில் பெற்றோல் லீற்றர் ஒன்று 470 ரூபாவாயிற்று. அப்போது மின்சார வண்டி வைத்திருந்தோரை மற்றையோர் பொறாமையுடன் நோக்கினர். ஆயின் 2022 ஓகத்தில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ருவரியில் மேலும் 66 வீதமும் உயர்ந்தது. பின்னர் பல முறை குறைந்தும் கூடியும் வந்து, 2025 சனவரியில் 20 வீதம் தாழ்ந்து, யூனில் 15 வீதம் மீண்டும் ஏறியது. 2025 பெப்ருவரியில் இறக்குமதி திறக்கப்பட்டதும் புதிய மின்சார வண்டிகளும், 'பிளக்-இன் ஹைபிரிட்' எனப்படும் கலப்பு வண்டிகளும் ஒருங்கே வரத் தொடங்கின.

எம்முடன் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் பழைய மின்சார வண்டி ஒன்றை வாங்கினார். வீட்டில் இரவு பத்தரைக்குப் பின் மின்னேற்றினால் தமக்குப் பெற்றோற் செலவிற் பெரும்பகுதி மிஞ்சுகின்றதென அவர் மகிழ்ந்து கூறுவார். ஆனால் கொழும்புக்குச் சென்று மீளும் நாளில், வழியிலுள்ள விரைவு மின்னேற்று நிலையத்தில் அதே மின்சாரத்துக்குப் பன்மடங்கு கொடுக்கவேண்டியுள்ளது என்பார். ஒரே ஆற்றின் நீர், ஒரே கம்பியின் மின்சாரம். வீட்டுச் சுவரில் ஒரு விலை, வீதியோரத்தில் வேறொரு விலை!

இதற்குக் காரணமில்லாமலில்லை, நேர்மையாகக் கூறவேண்டும். விரைவு மின்னேற்றும் பொறி விலை மிக்கது. அதற்கெனத் தனி மின்மாற்றியும் தடித்த கம்பியும் வேண்டும். பெருவலு பெறுவோர் பயன்படுத்திய அலகுகளுக்கு மட்டுமன்றி, ஒருகால் எட்டிய உச்ச வலுவுக்கும் தனிக் கட்டணம் செலுத்துகின்றனர். வரும் வண்டிகளோ சில. நாளுக்கு நான்கு வண்டி வந்தால், முழுச் செலவும் அந்நால்வர் தலையிலேயே விழும். வணிகர் நட்டத்துக்கு நிலையம் நடத்தார். இவை யாவும் உண்மை. எனினும், விலை ஏறுதற்குக் காரணம் உண்டென்பது வேறு, அவ்விலையை அவ்வாறே விட்டுவிடலாம் என்பது வேறு.

மலைவாணர்க்கு இவ்விலை இருமடங்கு உறைக்கும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. 1,500 கிலோகிராம் நிறையுள்ள வண்டியை அவ்வுயரத்துக்குத் தூக்குதற்கு மாத்திரம் ஏறத்தாழ ஏழரை அலகு மின்சாரம் வேண்டுமென்பதை எம் பௌதிக மாணவர் எவரும் கணித்துக் காட்டுவர். பழைய லீஃப் வண்டியின் பற்றறி கொள்வது 24 அலகு. அதில் மூன்றிலொரு பங்கை மலையே உண்டுவிடுகின்றது! இறங்கும்போது அதில் ஒரு பகுதி பற்றறிக்கு மீளுமென்பது மெய். ஆயினும், ஏறிவந்து நிற்பவனுக்கு ஹற்றனில் மின்னேற்றம் தேவை. இறங்கும்போது கிடைக்கப்போவது அப்போது உதவாது.

இனி, இழப்பவர் யாரென எண்ணுவோம். தனி வீடும், வாகனக் கொட்டிலும், கூரையிற் சூரியத் தகடும் உடையோர்க்குப் பொது நிலையத்தின் விலை ஒரு சில நாட் செலவே. லயன் அறையில் வாழ்வோர்க்கும், நகரில் வாடகை அறையில் இருப்போர்க்கும், வீதியோரத்தில் வண்டி நிறுத்துவோர்க்கும் அதுவே அன்றாட விலை. பிரித்தானியாவிலும் இக்குறை உண்டாயிற்று: 2025 ஆம் ஆண்டிலும் வீட்டு மின்சாரத்துக்கு 5 வீத வரியும், பொது மின்னேற்றத்துக்கு 20 வீத வரியும் அறவிடப்பட்டன. வீட்டு முற்றம் இல்லாதவன் மிகுதியாகக் கொடுத்தான்.

"தோட்டத் தொழிலாளி மின்சார வண்டி வாங்கப்போகின்றானா?" என நண்பர் சிலர் எம்மை நகையாடலாம். 2024 இல் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட மக்கள் மோட்டார் வண்டி வாங்கார் என்பதை யாமும் அறிவோம். ஆனால் அவர்தம் பிள்ளைகள் வேனிற் பாடசாலைக்கு வருகின்றனர். நோயாளர் முச்சக்கர வண்டியில் மருத்துவமனை செல்கின்றனர். அவ்வண்டிகள் நாளை மின்சாரத்தில் ஓடும்போது, மின்னேற்றும் விலையே அவர்கள் கொடுக்கும் கூலியாகும்.

கலப்பு வண்டி இதற்கு மாற்றாகுமா? அதன் நன்மையை மறுப்போமல்லேம். அன்றாடக் குறும்பயணத்தை மின்சாரத்திலும் நெடும்பயணத்தைப் பெற்றோலிலும் அது நடத்தும். 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயலால் மலைகள் சரிந்து, வீதிகளும் மின்கம்பிகளும் அறுந்த நாள்களை நினைப்போர், இரு வலுவுடைய வண்டியை விரும்புதல் இயல்பே. ஆயின் ஒன்று கருதவேண்டும். ஐரோப்பிய ஆணைக்குழு 2024 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கலப்பு வண்டிகள் வீதியில் உமிழும் கரி வாயு ஆய்வுகூடக் கணக்கைவிடச் சராசரியாக மூன்றரை மடங்காக இருந்தது. உடையோர் அவற்றை எதிர்பார்த்த அளவுக்கு மின்னேற்றாமையே முதற் காரணம். மின்னேற்றாத கலப்பு வண்டி, பயனற்ற பற்றறியைச் சுமந்து மலையேறும் பெற்றோல் வண்டியேயாம். பொது மின்னேற்ற விலை பெற்றோலை நெருங்குமாயின், எவர்தாம் நின்று மின்னேற்றுவர்? ஆதலின், கலப்பு வண்டி விலைச் சிக்கலைத் தீர்ப்பதன்று, அதனை மறைப்பதேயாம்.

தீர்வு எம் கண்முன்னேயே உள்ளது. 2025 பெப்ருவரி 9 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் நேர்ந்த பழுதால் நாடெங்கும் மின்சாரம் நின்றது. விடுமுறை நாளின் குறைந்த தேவையும் மிகுந்த சூரிய மின்னும் மின்தொகுதியைத் தளர்த்தியிருந்தமை காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. அவ்வாண்டு ஏப்பிரல் புத்தாண்டு விடுமுறையிற் கூரைச் சூரியத் தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு உடையோர் வேண்டப்பட்டனர். பகலில் எஞ்சும் மின்சாரத்தை வேண்டாமெனத் தள்ளும் நாடு, அதே பகலில் வீதியோரத்தில் அதனை உயர்ந்த விலைக்கு விற்றல் முறையோ? பகல் மின்னேற்றத்துக்குத் தாழ்ந்த விலையும், மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரையுள்ள உச்ச நேரத்துக்கு உயர்ந்த விலையும் வைத்து, அத்தாழ்வு வண்டிக்காரன் கைக்குச் சேர்கின்றதா எனவும் கண்காணித்தல் வேண்டும். பாடசாலை வேன்களுக்கும் முச்சக்கர வண்டிகளுக்கும் மலைநகரங்களில் மெதுவாக மின்னேற்றும் எளிய நிலையங்கள் போதும். அவற்றின் செலவு விரைவு நிலையத்தினும் மிகக் குறைவு.

இனி எம் கல்லூரிக்கு வருவோம். விழா நினைவாக வாயிலில் வளைவு ஒன்று அமைத்தல் வேண்டுமெனப் பழைய மாணவர் சிலர் கருதுகின்றனர். வளைவு அழகியதே, ஆயினும் யாம் வேறொன்று வேண்டுகின்றோம். மண்டபக் கூரையிற் சூரியத் தகடுகள் பதித்து, மதிலோரம் உரிய அனுமதியுடன் இரண்டு மின்னேற்று முனைகள் அமைப்போம். பள்ளி நேரமே பகல் நேரம். வேன்கள் வாயிலில் நிற்கும் நேரமும் அதுவே. மூடுபனியும் மழையும் சூழும் மாதங்களில் தகடு குறைவாகவே தரும். ஆனால் அம்மாதங்களிற்றான் எம் நீர்த்தேக்கங்கள் நிரம்புகின்றன. அடக்க விலைக்கு மின்னேற்றும் அவ்விடம், வேனில் வரும் பிள்ளையின் மாதக் கூலியைச் சிறிதேனும் குறைக்குமாயின், அதனினும் சிறந்த நினைவுச் சின்னம் எது?

விமலசுரேந்திரா அவர்களின் எண்ணம் நிறைவேற முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன. எம் வேண்டுகோளுக்கு அத்துணைக் காலம் வேண்டியதில்லை. பழைய மாணவர் அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றினால் அமையும்.